இறங்கிய கொடி

ஆம்ஸ்டர்டாமின் மேற்குத் தேவாலயத்தில் காலை பத்து மணி அடித்து ஓயும்போது செய்தி வந்தது. 'கருங்காளை' வெடித்து மூழ்கிவிட்டது. அச்சுக்கடையில் செப்புத் தகடு செதுக்கும் பாரெண்டின் கையில் உளி அப்படியே நின்றது. அவர் மகன் தெயுனிஸ் அந்தப் போர்க்கப்பலில்தான் மாலுமி.

மேசையில், இங்கிலாந்துக் கப்பல்களோடு நடந்த அந்தச் சண்டையைப் படமாக அச்சடிப்பதற்கான செப்புத் தகடு கிடந்தது. சண்டை முடியும் முன்பே கப்பல்களைச் செதுக்கி வைப்பது அச்சுக்கடை வழக்கம். செய்தி வந்த மறுநாள் படம் தெருவுக்குப் போயாக வேண்டும். தகட்டில் கருங்காளையின் கொடி உச்சியில் விறைத்துப் பறந்தது.

செய்தி கொண்டுவந்தவன் தெயுனிஸோடு அதே கப்பலில் இருந்த க்ரெலிஸ். அவனுக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை.

"எப்படிடா செத்தான்?"

"வேணாம் பெரியப்பா."

"சொல்லுடா."

"தளமெல்லாம் ரத்தம். மணலக் கொட்டினோம், அதுவும் நனைஞ்சு வழுக்குச்சு. என் கை எங்க விழுந்துச்சுன்னே தெரியல. கீழ அறுபது பேரு, குடலக் கையில பிடிச்சுக்கிட்டு அலறினாங்க. கப்பல் வேற பத்திக்கிச்சு. தெயுனிஸ்தான் கொடிக் கயித்த அவுத்தான். கொடி இறங்கினா இங்கிலீஷ்காரன் சுடறத நிறுத்திப் படகு விடுவான்ல? பாதி இறக்கறதுக்குள்ள கேப்டன் கோடாலியால கழுத்துல போட்டாரு. ஆனா அவன் கயித்த விடல பெரியப்பா. விழுந்த கனத்துல கொடியும் கீழ வந்துருச்சு. படகு வந்து எங்கள்ல பன்னெண்டு பேரத்தான் ஏத்துச்சு. அதுக்குள்ள வெடிமருந்து அறை வெடிச்சிருச்சு."

கடை முதலாளி லுப்பெர்ட் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"யோவ் பாரெண்ட், படத்துல கொடி மேலேயே இருக்கட்டும். சரணடைஞ்ச கப்பல எவன் சுவத்துல மாட்டுவான்? உன் பையனுக்கும் அதுதான் மரியாதை."

"கொடி மேல இருந்தா, என் பையன் எதுக்கு வெட்டுப்பட்டான் முதலாளி?"

"கொடிய இறக்கினவனக் கோழைன்னு பேசுவாங்கய்யா."

"இதோ, இவன் உசுரோட நிக்கிறானே."

பாரெண்ட் கொடியைச் சுரண்டி எடுத்தார். தகட்டைக் கவிழ்த்துப் பள்ளத்தைப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டி மேடாக்கி, எண்ணெய் விட்டு வழவழவென்று தேய்த்தார். "புத்தி கெட்டவன்" என்று திட்டிவிட்டு லுப்பெர்ட் வேறு ஆள் செதுக்கி வைத்திருந்த தகட்டைத் தேடிப் போனார். மறுநாள் தெருவில் விற்ற படத்தில் கருங்காளை கொடியோடுதான் எரிந்தது.

பாரெண்ட் தன் தகட்டை விடவில்லை. அறுந்த கால்களையும் மணலில் ஊறிய ரத்தத்தையும் செதுக்கினார். கேப்டனின் ஓங்கிய கோடாலியை அதன் கூர் தெரியச் செதுக்கினார். பாதியில் தொங்கும் கொடியையும் அதன் கயிற்றையும் செதுக்கினார். மகனின் முகமும் வந்துவிட்டது.

பனிக்காலத்தில் அவர் இறந்தபோது தகடு மேசையில்தான் இருந்தது. கயிற்றைப் பிடித்த இரண்டு கைகளை மட்டும் அவர் செதுக்கியிருக்கவில்லை.