கண்ணை மூடி வீடு பார்ப்பவர்

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலியாகக் கிடக்கும் வீட்டுக்குள் நடக்கிறார். கூடத்தைக் கடக்கும்போது பாதத்தைத் தூக்குவதில்லை. தரையோடு தேய்த்துக்கொண்டே போகிறார். சமையலறைப் படி தடுக்கியதும் நின்று, கண்ணைத் திறக்காமலேயே உதட்டைப் பிதுக்குகிறார். சாவியோடு நிற்கும் தரகர், ஏதோ பிரார்த்தனை போலிருக்கிறது என்று பயபக்தியோடு ஒதுங்கிக்கொள்கிறார். நகரத்துக்கு வெளியே, பேருந்து கடைசியாக நின்று திரும்பும் இடத்தில் எழும்பியிருக்கும் புதுக் குடியிருப்பு அது. அங்கே இப்படி நடந்து பார்த்துவிட்டு அவர் வேண்டாம் என்று சொன்ன வீடுகள் கொஞ்சநஞ்சமல்ல.

தரைக்கு டைல்ஸ் போடுவது அவர் தொழில். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பேர் ரசமட்டம். தரை ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது, ஆளும் அப்படித்தான். கோபம் வந்தாலும் குரல் ஏறாது, கூலி கூடினாலும் முகம் மலராது. ஐம்பதைத் தாண்டிய வயது, இரண்டு முழங்காலிலும் காய்ப்பு. பேச்சு என்றாலே மனிதருக்கு வேப்பங்காய். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தால், எதையோ மறந்துவிட்டவர் போலத் திரும்பி மேலே ஏறிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு வருஷமாக வீட்டில் ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்கிறார். காரணம், மனைவியின் கண்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது. சொட்டு மருந்தால் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவர் ஆரம்பித்தார். சொந்த வீடு வாங்க வேண்டும், அதுவும் உடனே.

வாடகை வீட்டுக்காரர் என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்பது அவர் கட்சி. பார்வை போன பிறகு புது வீடு என்றால் அவள் சுவரைத் தடவித் தடவிப் பழக வேண்டும். பார்வை இருக்கும்போதே குடியேறிவிட்டால் வீடு மனசில் பதிந்துவிடும், அப்புறம் யாராலும் கிளப்ப முடியாது. ஊருக்குள் வாங்க வழியில்லை. கையிலிருக்கும் காசுக்கு அங்கே ஒரு குளியலறை வாங்கலாம், அதுவும் கதவில்லாமல், என்பான் மச்சான். அந்தப் புதுக் குடியிருப்பில் அதே காசுக்கு முழு வீடு கிடைக்கிறது.

மச்சான் அதைச் சொல்வானே தவிர, ஊரை விட்டுப் போகக்கூடாது என்ற அக்காவின் கட்சிதான் அவன் கட்சியும். மாடியிலிருந்து இறங்கினால் மருந்துக்கடைக்காரர் அவளைச் சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிறார். காய்கறிக்காரம்மா நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் போடுகிறாள். தையல்கடையில் போய் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. மலிவு என்பதற்காக இத்தனை பேரையும் விட்டுவிட்டு, ஆளரவமில்லாத இடத்தில் போய் உட்காருவதா?

"உங்க வீடு என்னைக் கால் தடுக்காம பாத்துக்கும், சரி," என்றாள் ஒரு நாள், அவர் முன்னால் தட்டை வைத்துக்கொண்டே. "சாப்ட்டியான்னு கேக்குமா?"

நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது, அதுதான் கொடுமை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு போனார். அன்று பார்த்த வீட்டில் கால் எங்குமே தடுக்கவில்லை. கூடம், படுக்கையறை, சமையலறை எல்லாம் ஒரே மட்டம். அவளும் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும் என்றார். அவள் மறுக்கவில்லை. சுவரில் ஒரு விரலை வைத்தபடி எல்லா அறைகளுக்கும் போய்விட்டு, தட்டுத்தடுமாறாமல் வாசலுக்கு வந்தாள். அங்கே நின்றவள் கண்ணைத் திறக்கவில்லை. தெருப்பக்கம் காதைக் கொடுத்து வெகுநேரம் நின்றாள். எங்கோ தூரத்தில் ஒரு வண்டி போயிற்று. அப்புறம் அதுவும் இல்லை.

"வீடு நல்லாத்தான் இருக்குங்க," என்றாள். "பகல்ல நீங்க வேலைக்குப் போயிடுவீங்க. நான் விழுந்து கெடந்தா, யாரைக் கூப்பிடுவேன்?"

தரகர் குறுக்கே புகுந்து, போகப் போக நாலு பேர் வந்துவிடுவார்கள், விலையும் ஏறிவிடும் என்றார். ரசமட்டம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்கயே நில்லு. வந்துடறேன்."

வெறுங்காலோடு வெயிலில் நடந்து அந்த வீட்டு வாசலுக்குப் போனார். அழைப்பு மணியில் வைத்த விரல் தயங்கியது. பிறகு அழுத்தினார். உள்ளே காலடிச் சத்தம் நெருங்கி வந்தது. திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் அவருக்கு இருந்தது. ஓடவில்லை. கதவு திறப்பதற்குள் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.