முடியாத நாளுக்கு மூன்று எழுத்து

ஜப்பான்காரன் காலத்தில், மலாய் நாட்டில் எங்கள் ஊரான காஜா பெராங்கில் நான் பள்ளிக்கூடம் போனேன் என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போனேன். அவர்கள் மொழியில் பரீட்சை எழுதித் தேறவும் செய்தேன். அதற்குக் கொடுத்த காகிதம் இன்னும் சாமி மேடையில் அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. பெருமைக்குத்தான் இதை எழுதுகிறேன், அம்மன் மன்னிக்கட்டும்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பா முன்பே தவறிவிட்டார். கடலோரத்து உஜோங் பாசிருக்கு மீன் வாங்கப் போன அண்ணனை வழியிலேயே லோரியில் ஏற்றி, சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் அம்மா, அண்ணி, நான். பரீட்சையில் தேறினால் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைக்கும், வேலையோடு அரிசியும் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற எங்களுக்கு அது பெரிய செய்தி.

அண்ணன் போன வாரமே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கற்பூரம் கிடைக்காத காலம். அண்ணி முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடைசி வில்லையை ஏற்றி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். "தினமும் நூறு ஜப்பான் எழுத்து எழுதுவேன், ஒரு நாளும் விடமாட்டேன். அண்ணனை உயிரோடு கொண்டாந்து விடு தாயே."

இரண்டு மாதம் சொன்னபடி செய்தேன். காகிதம் இல்லை, உடைந்த சிலேட்டில் எழுதி, எண்ணி, அழித்து, மறுபடி எழுதுவேன். பிறகு எனக்கு என்னமோ ஆகிவிட்டது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குளிக்கக் கிணற்றடிக்குப் போவதே மலை ஏறுவது போல் இருந்தது. அழுகையும் வராது. எழுத்தைப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும், ஒன்றும் மனதில் ஏறாது. இப்போது டாக்டர்கள் இதற்கு மனச்சோர்வு என்று பேர் சொல்கிறார்கள். அப்போது அம்மா, காத்து கருப்பு பட்டிருக்கும் என்று விபூதி போட்டாள்.

ஒரு நாள் சிலேட்டைத் தொடவே முடியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. சத்தியம் போச்சு, அண்ணனை நானே கொன்றுவிட்டேன் என்று நம்பினேன். அந்தப் பயத்தில் இன்னும் அமுங்கிப்போய், பள்ளிக்கூடம் போவதையும் நிறுத்தினேன். பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது.

பின்வாசல் படியில் கிடந்தவளை அண்ணி வந்து உலுக்கினாள். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள்.

"ஏண்டி, தலைகூட வாராம இப்படியே உட்காரு. ஜப்பான்காரன் உன்னைப் பார்த்தா பயந்து ஊருக்குக் கப்பல் ஏறிடுவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விட்டுப்போன நாளைப் பற்றிச் சொன்னேன்.

"அவரு எனக்குப் புருஷன். அவரு உசிரு என்ன உன் சிலேட்டுலயா தொங்குது?"

"ஆத்தா முன்னால சத்தியம் பண்ணிட்டேன் அண்ணி."

அவள் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப ஆத்தாகிட்டயே கேட்போம். நாளைக்குப் பூக்கட்டிப் பார்த்துடலாம்" என்றாள்.

மறுநாள் காலை அவளே இரண்டு பொட்டலம் வாழை இலையில் கட்டிக் கொண்டுவந்தாள். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு என்றாள். வெள்ளை வந்தால் சம்மதம். விட்டுப்போன நாளைப் பொறுத்துக்கொள், இனி முடியாத நாளில் மூன்று எழுத்து போதுமா என்று அம்மனிடம் கேட்டோம். பொட்டலம் எடுக்க, கோயிலுக்கு வந்திருந்த செட்டி வீட்டுச் சின்னப் பெண்ணை அண்ணி கூப்பிட்டாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறியவர்கள், வீட்டில் மலாய்தான் பேசுவார்கள்.

"இவளுக்குத் தமிழ் தெரியாது. நாம கேட்டது புரியாம எடுக்குறதுதான் நியாயம்" என்றாள் அண்ணி.

குழந்தை எடுத்துக் கொடுத்தது. பிரித்தேன். வெள்ளை நந்தியாவட்டை. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் எனக்கு அழுகை வந்தது.

நோய் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. ஆனால் மூன்று எழுத்து எப்படியும் எழுதலாம். தலை வாராமல், படியில் சாய்ந்தபடி எழுதலாம். சில நாள் மூன்றோடு சிலேட்டைக் கவிழ்த்துவிடுவேன். சில நாள் மூன்று முப்பதாகும். பள்ளிக்கூடத்துக்கும் திரும்பப் போனேன். காலையில் எல்லோரும் ஜப்பான் ராஜா இருக்கும் திசைக்குக் குனியும்போது நான் மனதுக்குள் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொள்வேன்.

பரீட்சை நாளும் எனக்கு முடியாத நாளாகவே விடிந்தது. கை மரத்துப்போயிருந்தது. மூன்று எழுத்து, அவ்வளவுதான் என்று எழுதினேன். இன்னும் மூன்று. அப்புறம் மூன்று. அப்படியே கடைசிக் கேள்வி வரைக்கும் போய்விட்டேன்.

தேறினேன். முதல் மாதத்து அரிசியை அண்ணி உலையில் போட்டபோது, அம்மா அடுப்படியை விட்டு நகரவே இல்லை.

சண்டை முடிந்து அண்ணன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பூப் பறித்துக்கொண்டிருந்தபோது அண்ணி சாவதானமாகச் சொன்னாள்:

"அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன்."

"ஐயோ அண்ணி! ஏன்?"

"சிவப்புப் பூ கிடைக்கலடி."

எங்கள் வீட்டு வேலி முழுக்க அந்தக் காலத்திலேயே செம்பருத்திதான். பூவை யார் வைத்தால் என்ன, அந்த மூன்று மூன்று எழுத்தையும் எழுதியது என் கை. அதில் பொய் இல்லை.

இருந்தாலும் சந்நிதியில் நடந்த காரியமாயிற்றே. மறுநாளே கோயிலுக்கு அபிஷேகப் பால் கொண்டுபோனேன். அண்ணி பேரில் ஒரு சொம்பு, என் பேரில் ஒரு சொம்பு.