கடைசி வீட்டுக்காரியின் நத்தை

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் கங்காணி. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவருக்குத்தான் அந்தப் பெயர். பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமியான நான் வேலை வாங்கியதோ ஒரு வீடியோ கேமில் இருந்த ஆறு பிராணிகளை. அதில் ஒன்று நத்தை. அந்த நத்தை மற்றவற்றுக்குப் பின்னால் தங்கிவிடக் கூடாது என்று நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. நத்தைக்குச் சொந்தக்காரியை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ரெம்பா என்ற சிற்றூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. தொண்ணூறுகளின் கடைசி. சிங்கப்பூரில் வேலை செய்த எங்கள் மாமா ஒரு தீபாவளிக்கு வந்தபோது, கையில் பிடித்து விளையாடும் கேம் ஒன்றைத் தம்பிக்கும் எனக்கும் பொதுவாகக் கொடுத்துவிட்டுப் போனார். கூடவே ஒரே ஒரு கேசட். காட்டிலும் குளத்திலும் திரியும் விநோதப் பிராணிகளைப் பிடித்துச் சண்டைக்குப் பழக்க வேண்டும். ஊர் ஊராகப் போய் அடுத்தவர்களின் பிராணிகளோடு மோதவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஆறு பிராணிகளைக் கூட்டிப் போகலாம். சண்டை போடப் போட லெவல் ஏறும்.

ஒரு வீட்டுக்கு மட்டும் கேம் வந்தால் லயம் சும்மா இருக்குமா? பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். தம்பியும் நானும் போக இன்னும் நான்கு பேர். ஆறு பேர், ஆறு பிராணி. ஆளுக்கொன்று என்று பங்கு போட்டுக்கொண்டோம். தம்பி கொம்பு வைத்த பன்றியை எடுத்துக்கொண்டான். நான் காக்கையை எடுத்தேன். லயத்தின் கடைசி வீட்டுக்காரி, எல்லாரும் எடுத்து முடித்த பிறகுதான் தன் கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். மிச்சம் இருந்தது நீல ஓட்டு நத்தை.

"மிச்சம் எதுவோ அதக் குடு லா, எனக்கென்ன," என்றாள்.

அவளும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அவள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவள்தான் மூத்தவள். கணக்குப் பாடத்தில் அவளைப் பார்த்து எழுதித்தான் நான் பாஸானேன். வெட்கம் என்ன, உள்ளதைத்தானே சொல்கிறேன்.

முதல் வாரமே அடிதடி. தம்பி தன் பன்றியை மட்டும் வளர்த்துக்கொண்டே போனான். மற்றவர்களின் பிராணிகள் பெயருக்குப் பின்னால் நடந்து வந்தன. ஒரு மத்தியானம் முடியைப் பிடித்து இழுக்கும் அளவுக்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பால்மரம் வெட்டிவிட்டு, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்துவிட்டு, அம்மா வந்தாள். அப்படிப் பால் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை மரங்கள் உண்டு. அதற்கு நெரை என்று பெயர். தன் நெரையை முடித்தவர்கள் முடிக்காதவர்களுக்குப் போய்க் கைகொடுப்பது வழக்கம்.

"ஏன்டா, காட்டுல நெரை முடிச்சவ முடிக்காதவளுக்குக் கை குடுக்கலையா? ஆறையும் ஒண்ணா வளக்க முடிஞ்சா வெளாடுங்க. இல்லன்னா பேட்டரியக் கழட்டி ஆத்துல வீசிருவேன்!" என்று கத்தினாள் அம்மா.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ஆறும் ஒரே லெவலுக்கு வந்த பிறகுதான் எதுவும் அடுத்த லெவலுக்குப் போகலாம். சட்டத்தைக் காக்கும் வேலை என் தலையில் விழுந்தது, ஏனென்றால் எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபம். மீறினவன் மண்டையில் குட்டு விழும். தம்பி வாங்கியது கொஞ்சமா நஞ்சமா!

நத்தைதான் பெரிய தலைவலி. அதற்குச் சண்டையே தெரியாது. ஓட்டுக்குள் பதுங்கும், அவ்வளவுதான். அதை ஏற்றிவிட ஒரு வழி இருந்ததைக் கண்டுபிடித்தவளும் அதன் சொந்தக்காரிதான். சண்டை தொடங்கும்போது நத்தையை முன்னால் நிறுத்த வேண்டும். பெரிய அடி விழுவதற்குள் அதைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, பன்றியையோ காக்கையையோ இறக்கிவிட வேண்டும். ஜெயித்தால் களத்தில் தலைகாட்டிய நத்தைக்கும் பாதிப் பங்கு கிடைக்கும். திரும்பக் கூப்பிட மறந்தால் மட்டும் நத்தை செத்தது.

"பந்திக்கு முந்தி, படைக்குப் பிந்தி," என்று தம்பி நத்தையைத் திட்டுவான்.

அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பாள். "அடி வாங்காம சம்பளம் வாங்குதுடா. குடுத்து வச்ச நத்தை!"

இப்படி ஆமை வேகத்தில் போனோம். சிரம்பானில் இருந்த எங்கள் பெரியப்பா மகன் இரண்டே மாதத்தில் கேமை முடித்துவிட்டு வந்து எங்களைக் கேலி செய்தான். நாங்கள் அப்போது மூன்றாவது ஊரையே தாண்டவில்லை. போடா என்று விட்டேன்.

அதற்குள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வீடு கட்டப் போகிறார்களாம். மரத்தோடு நாங்களும் வேரோடு கிளம்ப வேண்டியதாயிற்று. முதலில் வந்து நின்ற லோரி கடைசி வீட்டுக்குத்தான். அவள் அப்பாவுக்குப் போர்டிக்சனில் ஜாகா வேலை, அதாவது ஏதோ ஒரு கட்டடத்துக்குக் காவல். பாய், சட்டி, தம்பி தங்கைகள் எல்லாவற்றோடும் அவள் லோரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். நான் அழுதுவிடக் கூடாது என்று முறைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏய் கங்காணி, என் நத்தைய விட்றாதடி. நீங்க எல்லாம் மேல போயிட்டு அதை மட்டும் கீழ விட்றாதீங்க," என்றாள்.

"விடமாட்டேன் லா. சாமி சத்தியமா."

ஒவ்வொரு லோரியாக வந்தது. கடைசியில் நாங்களும் பாரோயில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். ஆறு பிராணிகளும் எங்களோடு வந்தன. அவற்றில் நான்குக்குச் சொந்தக்காரர்கள் திசைக்கொருவராகப் போயிருந்தார்கள். இருந்தாலும் நான் சட்டத்தை விடவில்லை. தம்பி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தான்.

"அவங்களே இல்ல, அக்கா. யாருக்கு வளக்குறோம்? என் பன்றிய மட்டும் ஏத்துனா அடுத்த மாசமே முடிச்சிருவேன்."

"முடிச்சுக் கிழிச்ச. நத்தைய முன்னாடி போடு."

"இது வெளாட்டு மாதிரியே இல்ல, வேலை மாதிரி இருக்கு," என்று சொல்லிக் கேமை என் மடியில் போட்டுவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவேயில்லை. நான் விடாப்பிடியாகத் தனியே ஆறையும் வளர்த்தேன். வருடக்கணக்கில் வளர்த்தேன். பரீட்சை வந்தால் மூட்டைகட்டி வைப்பேன், விடுமுறை வந்தால் எடுப்பேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்துக்கு முன், நாங்கள் நான்காம் படிவம் முடித்த விடுமுறையில் நத்தை ஒருவழியாகச் சண்டை கற்றுக்கொண்டது. ஓட்டோடு சுழன்று போய் மோதும். அடேயப்பா, என்ன அடி!

அதே விடுமுறையில்தான் அவள் போன் செய்தாள். கோயில் திருவிழாவில் அவள் அம்மாவைப் பார்த்தபோது எங்கள் வீட்டு நம்பரை அம்மா கொடுத்திருந்தாள். பொதுப் போனிலிருந்து பேசினாள். பின்னால் பஸ் உறுமும் சத்தம் கேட்டது.

"என்னாடி கங்காணி, நல்லா இருக்கியா?"

குரலைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடியே! உன் நத்தை என்னா செஞ்சிச்சு தெரியுமா? சண்டை போடுதுடி! மத்த அஞ்சும் எங்க நிக்குதோ அங்கதான் இதுவும் நிக்குது!"

"அப்படியா? நெசமாவா?" என்று சிரித்தாள். "சரிடி, ஒண்ணு கேக்கணும்..."

"இரு இரு, முழுசாக் கேளு!" என்று நான் ஆரம்பித்தேன். எந்த ஊரில் எந்தச் சண்டை, யாரை எப்படி அடித்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். வாய் ஓயவில்லை. நடுவில் போனுக்குள் சில்லறை விழும் சத்தம் ஓரிரு தடவை கேட்டது.

"காசு முடியப் போகுதுடி. அம்மா இருக்காங்களா?"

"பாசார் போயிருக்காங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல லா. அப்புறம் பேசுறேன்."

லைன் அறுந்துவிட்டது. அவள் மறுபடி போன் செய்யவில்லை. நத்தை விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் கேமின் கடைசிச் சண்டையையும் ஜெயித்தேன். கடைசி அடியை நத்தைக்கென்றே எடுத்து வைத்து அடித்தேன். போர்டிக்சனுக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான். போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஐந்தாம் படிவப் பரீட்சை வந்தது, பிறகு கல்லூரி வந்தது, பிறகு வேலை வந்தது. போகவில்லை.

அவளை மறுபடி பார்த்தது சிரம்பானில் ஒரு கல்யாண மண்டபத்தில். இரண்டு பேருக்கும் முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. "ஏய் கங்காணி!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் முதலில் கேட்டதே நத்தையைத்தான்.

"கடைசி அடி உன் நத்தைதான் அடிச்சுது," என்றேன்.

பக்கத்தில் நின்ற மகளிடம், "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்றாள் பெருமையாக. பிறகு தன் கதையைச் சொன்னாள். நான்காம் படிவத்தோடு அவள் அப்பா அவளைப் பெக்டரிக்கு அனுப்பிவிட்டார். தம்பி தங்கைகள் நான்கு பேரும் படித்து முடித்தார்கள். ஒருத்தி நர்ஸ். இவள் இன்னும் அதே பெக்டரியில்தான்.

"அன்னிக்கு போன் பண்ணேன், ஞாபகம் இருக்கா? பெக்டரிக்குப் போற மொத நாளு அது. உங்க வீட்டுல தங்கி ஐந்தாம் படிவம் முடிச்சிறலாமான்னு உங்கம்மாகிட்ட கேக்கத்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்கடி வாயத் தெறக்க விட்ட? நத்தை, நத்தைன்னு ஒரே நத்தைப் புராணம்," என்று சிரித்தாள். குத்திக் காட்டுகிற சிரிப்பு இல்லை அது. அப்படி இருந்திருந்தாலாவது நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். "நத்தைய முன்னாடி நிறுத்திட்டு அடி விழுறதுக்குள்ள திரும்பக் கூப்பிடுவோம்ல? எங்க வீட்டுலயும் என்னைய முன்னாடி நிறுத்துனாங்க. திரும்பக் கூப்பிடத்தான் ஆளு இல்லாமப் போச்சு."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். நான் அவள் கையை விடாமல், "எங்கம்மா சரின்னு சொல்லியிருப்பாங்கடி," என்றேன்.

"தெரியும் லா. அதனாலதான போன் பண்ணேன்," என்றாள்.