அக்கா ‘கிளீன்’ என்று சொல்லாத மூலை

தாம்பரம் ரயில் நிலையத்தின் மெட்டல் டிடெக்டர் வாசலில் அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நீட்டியபடி நின்றது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பின்னால் வந்த கூட்டம் “நகருங்கம்மா” என்று கத்தியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அணுமின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு அது. அங்கே கை கால்களைக் கருவியில் வைத்து, கதிரியக்கத் தூசு ஒட்டவில்லை என்று அது சொன்ன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பலாம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. கதிரியக்கத்தை அளக்கும் பிரிவில் எனக்கு மேலதிகாரி. அவர் செம்பாக்கம், நான் பல்லாவரம். போக வர ஒரே ஆபீஸ் பஸ்.

கடலோரத்தில் இருந்த எங்கள் பழைய உலையை நிரந்தரமாக நிறுத்திய பிறகு, அந்த இடத்தில் பாட்டரிகளை வைக்க முடிவு செய்தார்கள். பகல் வெயிலில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, பொழுது சாய்ந்ததும் ஊருக்குக் கொடுக்கும் திட்டம். மின்சாரம் கொண்டுபோகும் கோபுரங்களும் கம்பிகளும்தான் ஏற்கெனவே நிற்கின்றனவே! பழைய பம்பு அறை ‘கிளீன்’, கதிரியக்கம் துளியும் இல்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் வேலை தொடங்கிவிடும். விதியைப் பாருங்கள், அந்தப் பாட்டரி கம்பெனியில்தான் அக்காவின் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. அறை கைக்கு வந்ததும் சேர வேண்டும். படிப்பை முடித்துவிட்டு வெகுநாள் வீட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளை.

அறையின் ஒரு மூலையில் கருவி லேசாகக் கத்தியது. “இதெல்லாம் ஒரு விஷயமா மேடம், பெயிண்ட் அடிச்சுடலாம்” என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அக்கா தரையில் மண்டியிட்டு மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார். “கிளீன்னா கிளீன் தம்பி. கொஞ்சம் கிளீன்னு ஒண்ணு நம்ம டிபார்ட்மென்ட்ல கிடையாது” என்று எழுந்துவிட்டார். என்ன பிடிவாதம் அது! எனக்கே எரிச்சலாக இருந்தது.

சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி, திரும்ப அளந்து அவர் தலையாட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. கம்பெனி அந்தப் பையனைக் கைவிட்டுவிட்டது. சேதி வந்த மாலை நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். “ஊர்ல யாருக்கும் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் என்னம்மா? ஒரு மூலைக்காக என்னை இப்படிப் பேஜார் பண்ணிட்டியே!” என்று அவன் கத்தினான். அக்கா காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இப்போது அவன் வடக்கே எங்கோ வேலையில் இருக்கிறான். போன் செய்தால் அப்பாவிடம் மட்டும்தான் பேச்சு. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாராம்.

போன வாரம் வேலையாக அந்தப் பம்பு அறைக்குப் போயிருந்தேன். மதிய நேரம். அதே மூலையில், வெறும் தரையில், பாட்டரி கம்பெனிப் பையன்கள் நாலைந்து பேர் சப்பணமிட்டு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கீழே சிந்திய பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். வெளியே வந்து முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.



“பசங்களுக்கு நம்ம பையன் வயசு இருக்குமா தம்பி?” என்றார்.

“இருக்கும்க்கா.”

“சாப்பிடட்டும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.