முழு நேரமும் படுத்திருந்தான் என் தம்பி

என் தம்பியைப் போல ரொட்டி சுடுகிறவன் இந்தப் பக்கத்தில் கிடையாது. அக்கா பெருமையடிக்கிறாள் என்று தள்ளிவிட வேண்டாம். அவன் வேலை பார்த்த பேக்கரியில், அவன் வராத நாளில் ரொட்டி வாங்கியவர்களைக் கேளுங்கள். அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய நீரை இயந்திரம் எடுத்து முடிக்க நான்கு மணி நேரம் பிடிக்கும்.

'சொன்ன பேச்சு கேட்காதவன்' என்று ஆஸ்பத்திரியில் அவனுக்குப் பெயர். சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்த அடுப்பு முன்னால் நின்று பார்க்கட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னபடி அளந்து வைத்த தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிடும். பிறகு ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வான்.

"அது மட்டும் தண்ணி இல்லையாடா?"

"கடிச்சுத் திங்கறேனேக்கா. அப்ப அது பலகாரம்."

மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். அவனோ ஒரு தட்டு ரொட்டியை இறக்கி அடுத்ததை ஏற்றுவதற்குள் நின்றபடி இரண்டு வாய் தின்கிறவன். மறக்கக் கூடாதென்று மாத்திரையைச் சாப்பாட்டு டப்பாவின் மூடியிலேயே ஒட்டி அனுப்பினேன். ஒட்டினது ஒட்டினபடி திரும்பி வரும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்போம். அவன் முதலாளியைத்தான் சமாளிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கிற மனிதர். சம்பளம் மிச்சமென்று இன்னொரு அடுப்புக்காரரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, என் தம்பியின் தோளில் கைபோட்டார்.

"டயாலிசிஸ்ல இருந்து ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்து வந்துடேன்ப்பா. நீ நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையா?"

நர்ஸிடம் கெஞ்சி, ஊசியை எடுக்கச் சொல்லி, பாதியில் எழுந்து ஓடினான். முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. ஒன்றும் ஆகவில்லையே என்று அடுத்த தடவையும் எழுந்தான், அதற்கடுத்த தடவையும்.

ஒரு விடியற்காலையில் அடுப்பு முன்னாலேயே மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்துவிட்டான். நுரையீரல் வரை நீர் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, சில நாள் வரமாட்டான் என்று சொல்லக் கடைக்குப் போனேன். நான் வாசலில் நிற்பது தெரியாமல் முதலாளி ஒரு வாடிக்கைக்காரரிடம் சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"வாயக் கட்டத் தெரியாத பய சார். தண்ணிய மடமடன்னு குடிச்சு இழுத்து விட்டுக்கிட்டான்."

நான் வந்த வழியே திரும்பினேன். சத்தம் போட்டால் கோபம் ஆறிவிடும். அது ஆறக் கூடாது என்றிருந்தேன்.

தம்பி தேறி வேலைக்குப் போன சில நாளிலேயே ஒரு கம்பெனி விழாவுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. சரியாக டயாலிசிஸ் நாளில். காலையில் மாவு பிசைந்து வைத்துவிட்டுப் போ, பாதியில் எழுந்து வந்து சுட்டுக் கொடு என்று மறுபடியும் அதே பாட்டு.

"என்னக்கா சொல்றது?"

"சரின்னு சொல்லு. மீதிய நான் பாத்துக்கறேன்."

அன்று ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதுதான் அவனிடம் சொன்னேன்.

"இன்னைக்கு நீ பாதியில எழுந்திருக்கக் கூடாது."

"மாவு பொங்கிடும்க்கா."

"பொங்கட்டும்."

"பாவம்க்கா."

"யாரு, அந்த ஆளா?"

"மாவு."

நாற்காலியை வார்டு கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். நான் எதிர்பார்த்த நேரத்துக்கு முதலாளி மூச்சிரைக்க ஓடி வந்தார். சட்டையெல்லாம் மாவு.

"தம்பிய அனுப்பும்மா! மாவு தொட்டிய விட்டு வழியுது!"

"என்ன சார் பண்றது? வாயக் கட்டத் தெரியாத மாவு."

அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான். வெல்லம் தின்றதுபோல் இருந்தது எனக்கு. என்னைத் தாண்டிக் கதவுக் கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி! நீ நம்ம வீட்டுப் பிள்ளை இல்லையா?"

தம்பி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். இயந்திரம் நீரை எடுக்க எடுக்கக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து முகம் கோணியிருந்தது. ஊசி இல்லாத கையைத் தூக்கி நர்ஸைக் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடுவதற்கு முன்னால் அப்படித்தான் கூப்பிடுவான்.

"சிஸ்டர், அந்தத் திரைய இழுத்து விடுங்க. வாசல்ல ஒரே சத்தம்."

திரை விழுந்தது. முதலாளி படியிறங்கிப் போகும் சத்தத்தைக் கடைசிப் படி வரை காது கொடுத்துக் கேட்டேன்.

அவருக்கு ஆர்டர் போயிற்று, அந்தக் கம்பெனியின் வாடிக்கையும் சேர்ந்து போயிற்று. இன்றுவரை எனக்கு அதில் துளி வருத்தமில்லை. தம்பிக்கு வேலை போயிற்று. அதில் வருத்தம் உண்டு. ஆனால் அன்று இயந்திரத்தை நிறுத்தியபின் எடை பார்த்தார்கள். தேங்கிய நீரெல்லாம் இறங்கி, டாக்டர் இருக்கச் சொன்ன எடையில் முள் சரியாக வந்து நின்றது, பல மாதத்துக்குப் பிறகு. எடைக்கருவியை விட்டு இறங்கவே அவனுக்கு மனம் வரவில்லை.