நான்தான் எடுத்தேன் சார்

இருசப்பனுக்குச் செர்பியா எந்தத் திசையில் இருக்கிறதென்று தெரியாது. சாலவாக்கம் பக்கம் கல் குவாரியில் ஜல்லி அள்ளுகிறவனுக்கு அது எதற்கு? கூட அள்ளிய தேவராஜ் கட்டட வேலைக்கு அங்கே போனான். போன இடத்திலிருந்து ராப் பாட்டாக அனுப்பித் தள்ளினான். கூடவே பேசி அனுப்பிய விளக்கமும் வரும்.

"தெரு பசங்க பாட்டு மச்சான். போலீஸ் இஸ்துக்கினு போறது, வேல இல்லாம சுத்திக்கினு கீறது, அல்லாம் கீது. எவன் கதையானாலும் 'நான்'னுதான் பாடுவானுங்க."

அந்த 'நான்' இருசப்பனைப் பிடித்துக்கொண்டது. அவனிடமும் ஒரு கதை இருந்தது. எங்கோ காணாமல் போன பம்புசெட் மோட்டாருக்காக அவன் அப்பா மாசிலாமணியைப் போலீஸ்காரர்கள் பிடித்துப் போனார்கள். இருளர் என்றால் போதுமே, வேறு சாட்சி எதற்கு! அடி தாங்காமல் "நான்தான் எடுத்தேன் சார்" என்றார் அவர். ஜெயிலிலிருந்து வந்தவர் பிறகு நிமிர்ந்து நடக்கவேயில்லை, அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அந்த வரியையே பல்லவியாக்கி, ஜல்லிக் கூடையைத் தட்டிக்கொண்டே பாடி, செல்போனில் வீடியோ போட்டான் இருசப்பன். குடிசைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அதே பாட்டுதான். அவன் மனைவி திலகாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"உன் நைனா பேரப் போட்டுப் பாடேன்யா. இன்னாத்துக்கு 'நான்'னு சொல்ற?"

"ராப்புன்னா அப்டித்தான். உனக்கு இன்னா தெரியும்?"

அறுப்பு முடிந்த சமயம் பக்கத்து ஊரில் ஒரு மோட்டார் காணாமல் போனது. சாயங்காலமே ஜீப் வந்துவிட்டது. ஸ்டேஷனில் ஏட்டு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"உன் குரல்தானடா இது?"

"பாட்டு சார். எங்க நைனா சொன்னது சார்."

"எங்கடா உன் நைனா?"

"செத்துட்டாரு சார்."

"அப்ப 'நான்'னு சொல்றது யாரு?"

ராப்பில் யார் கதையும் அப்படித்தான் வரும், தேவராஜைக் கேளுங்கள் என்று வாய் வரை வந்தது. அதற்குள் லத்தி முட்டியில் இறங்கியது. பாவி, எவ்வளவு ஆசையாகப் பாடினான்!

திரும்பத் திரும்ப அதே கேள்வி, அதே அடி. வெளியே திலகா கதறுவது கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் சொல்லிவிட்டான். தாளமெல்லாம் எங்கே வரும்? நைனா சொன்ன மாதிரியேதான் சொன்னான். ஏட்டு செல்போனை அவன் வாயருகே கொண்டுபோய், "இன்னொரு தபா சத்தமா சொல்லு" என்றார்.