ஹீட்டருக்கு ஒரு ஜோடி கையுறை

குளிர்கிடங்கில் அவரை எல்லோரும் ஹீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது; அதைப் படித்துப் பார்ப்பது அவர் மனைவி மட்டும்தான். உறைந்த பட்டாணியும் மீனும் ஐஸ்கிரீமும் கூரை வரை அடுக்கியிருக்கும் அறைக்குள் மற்றவர்கள் கொஞ்ச நேரம் நிற்பார்கள், வெளியே ஓடிவந்து கையைத் தேய்ப்பார்கள், மறுபடி உள்ளே போவார்கள். இவர் ஓடிவர மாட்டார். கடைசிப் பெட்டியையும் ஏற்றிவிட்டு, மீசையில் படிந்த பனியைத் தட்டிக்கொண்டு, ஆடி அசைந்து வெளியே வருவார். "நீங்க மனுஷனா, ஹீட்டரா?" என்று எவனோ ஒருநாள் கேட்டான். அது ஒட்டிக்கொண்டது.

குளிரைத் தாங்குகிற மனுஷன் என்று அவர்கள் நினைத்தார்கள். விஷயம் என்னவென்றால், அவருக்குக் குளிரே தெரியவில்லை. வலது கையில் மூன்று விரலும் இடது கையில் இரண்டும் மரத்துப்போயிருந்தன. ஆரம்பத்தில் வேலை முடிந்து வந்தால் விரல் நுனியெல்லாம் ஊசியாய்க் குத்தும். வெந்நீரில் கையை விட்டால் அடங்கும். பிறகு குத்துவது நின்றுபோனது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் அவருக்கே தன்மேல் எரிச்சல் வருகிறது.

விரல் மரத்தவனை உள்ளே விடக்கூடாது என்பது கிடங்கின் விதி. முதலில் வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைப்பார்கள். கேட்டில் ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பதால் அடுத்தது வீடுதான். அப்படி வீட்டுக்குப் போன இரண்டு பேரை அவருக்குத் தெரியும். ஒருவர் இப்போதும் காலையில் அதே பஸ்ஸில் ஏறி, கிடங்கு நிறுத்தம் வரை வந்து, இறங்காமல் திரும்பிப் போகிறார். அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க முடியாமல் ஹீட்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ரிட்டயர் ஆக இருக்கிற கொஞ்ச வருஷத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைப் பரிசோதனை நடக்கும். கண்ணை மூடிக் கையை நீட்ட வேண்டும். நர்ஸ் ஒரு நைலான் இழையால் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொடுவார். தொட்டது தெரிந்தால் 'ம்' சொல்ல வேண்டும். பாவம் அந்த நர்ஸ், கை ஆடிவிடக் கூடாதே என்று தொடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். தொட்டு எடுத்ததும் புஸ்ஸென்று விடுவார். ஹீட்டருக்கு விரல்தான் போனதே தவிர காது போகவில்லை. மூச்சு வந்ததும் 'ம்' என்பார். ஒவ்வொரு தடவையும் முழு மார்க். "இந்த வயசுலயும் உங்க கை எவ்வளவு நல்லா இருக்கு!" என்று நர்ஸ் பாராட்டுவார். ஹீட்டர் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நிற்பார். நாள் முழுக்கப் பெட்டி தூக்கினாலும் வராத களைப்பு, ஒரு நல்ல மனுஷியை ஏமாற்றிவிட்டு வந்த அந்தச் சில நிமிஷத்தில் வந்துவிடும்.

வீட்டில் ஏமாற்றுவது இன்னும் பெரிய பாடு. மனைவி துணிக்கடையில் ஆல்டரேஷன் தைப்பவள். துணியைப் பார்க்காமலே விரலால் தடவித் தையல் விட்டுப்போன இடத்தைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவர் தன் விரல்களை ஒளித்து வைத்திருந்தார். டம்ளர் நழுவும். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவார். அப்புறம் பொத்தான் வைத்த சட்டையே பிடிக்காமல் போய்விட்டது என்று சொல்லி டீ-ஷர்ட்டுக்கு மாறினார். பையில் கைவிட்டுச் சில்லறை எடுக்கப் போய்ச் சாவியை எடுப்பார்.

"வீட்டு வேலைன்னா மட்டும் கை வழுக்கிடும் உங்களுக்கு. கவனம் எங்க இருக்கு?" என்று அவள் பொரிந்து தள்ளுவாள். இவர் வாயே திறக்க மாட்டார். சோம்பேறி என்பது கெட்ட பெயர்தான். ஆனால் அதற்கு யாரும் டாக்டர் சீட்டு கேட்பதில்லை.

இந்த லட்சணத்தில்தான் மகள் போன் செய்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. சம்பந்தி வீட்டார் வருஷா வருஷம் மலைக்குப் போய்ப் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள். இந்தத் தடவை நீங்களும் வர வேண்டும் என்று சம்பந்தியம்மாவே வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"அப்பா, சறுக்குற கட்டை, பூட்ஸ், ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாமே அங்க வாடகைக்குக் கிடைக்கும். கிளவுஸ் மட்டும் தரமாட்டாங்க. நல்லதாப் பார்த்து வாங்கிடுங்க. கை குளிருதுன்னு பாதியில உட்காரக் கூடாது."

"எனக்கா குளிரும்?" என்றார், பழக்க தோஷத்தில்.

மகள் சிரித்தாள். "அதைத்தான் மாமாகிட்ட பெருமையா சொல்லி வச்சிருக்கேன். எங்க அப்பாவுக்குக் குளிர்னா என்னன்னே தெரியாதுன்னு."

வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற ஒரு வார லீவில் அவர் செய்ய நினைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான், தூங்குவது. வருஷம் பூராவும் பனிக்கு நடுவே நின்றுவிட்டு, லீவு போட்டுப் பனியைப் பார்க்கப் போவதா? ஐஸ்கிரீம் பெட்டியைக் கேட்டால்கூட மாட்டேன் என்றுதான் சொல்லும். ஆனால் மகள் புதிதாய்ப் போன வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டுமே. சரி என்றார்.

"கிடங்குல குடுத்த கிளவுஸே ரெண்டு ஜோடி கிடக்கே," என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தார்.

"கம்பெனி பேரை மணிக்கட்டு நெடுக எழுதி வச்சிருக்கான். அதை மாட்டிக்கிட்டு சம்பந்தி முன்னாடி நில்லுங்க. லோடு இறக்க வந்தவர்னு நினைப்பாங்க."

"லோடு இறக்குறவன்தானே நான்?"

"அதுக்கு?" என்றாள். அவள் 'அதுக்கு?' என்று கேட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவரை உட்காரக்கூட விடாமல் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். கடைக்குள் ஒரே வெளிச்சம், ஒரே கதகதப்பு. சுவரெல்லாம் பனிமலைப் படங்கள். அதில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு சறுக்குகிறவர்கள். பனியில் நின்றுகொண்டு இவ்வளவு சிரிக்கிறவர்களை அவர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கையுறைப் பகுதியில் ஒரு பெண்மணி இருந்தார். நடுத்தர வயது, பாதத்தில் வலி போல, ஒரு காலை மாற்றி மறுகால் ஊன்றி நின்றார். அந்த நிற்கும் விதத்தைப் பார்த்ததுமே ஹீட்டருக்கு அவர்மேல் ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

"பனியில விழுந்து எழுந்திரிப்பீங்க சார், அதனால தண்ணி உள்ள போகக் கூடாது. அதே சமயம் வேர்வை உள்ளயே நிக்கவும் கூடாது, வேர்த்த கைதான் சீக்கிரம் விறைச்சுப்போகும். மணிக்கட்டுல இழுத்துக் கட்டுற வார் இருக்கணும். ஆனா எல்லாத்தையும் விட அளவுதான் முக்கியம்," என்று ஒரு ஜோடியை நீட்டினார். "விரல் நுனிக்கு மேல கொஞ்சமே கொஞ்சம் இடம் இருக்கணும். முட்டினாலும் தப்பு, தொளதொளன்னு இருந்தாலும் தப்பு. எப்படி இருக்கு?"

விரல் நுனி முட்டுகிறதா இல்லையா என்று அவர் யாரிடம் போய்க் கேட்பார்? "கச்சிதமா இருக்கு," என்றார்.

அந்தப் பெண்மணி அவர் கையைப் பார்த்தார். "எனக்கு இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியுது சார். அடுத்த அளவு போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். "கச்சிதமா இருக்கு."

"அதுவும் கச்சிதம், இதுவும் கச்சிதமா?" என்றாள் மனைவி.

ஹீட்டர் சுதாரித்துக்கொண்டார். கிடங்கில் மெல்லிய பருத்தி உறையை உள்ளே போட்டு, அதன்மேல் ஒரு அளவு பெரிய கையுறை மாட்டுவதுதான் வழக்கம். அதையே பிடித்துக்கொண்டார். அலமாரியிலிருந்து இருப்பதிலேயே பெரிய ஜோடியைத் தானே எடுத்தார். கிடங்கு வாசலில் மாட்டுகிற மாதிரி விறுவிறுவென்று மாட்டி, இரண்டு கையையும் தட்டி, "இதுதான். இதைவிடக் கச்சிதமா கிடைக்காது. பில் போடச் சொல்லு, வீட்டுக்குப் போகலாம்," என்றார்.

"குடுங்க, தையலைப் பார்க்கிறேன்," என்றாள் அவள்.

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் வழக்கம்போல ஒவ்வொரு விரலாக உள்ளே தன் விரலை விட்டுத் துழாவினாள். ஆள்காட்டி விரலுக்குள் போன கை நின்றது. உள்ளேயிருந்து ஒரு காகித உருண்டையை இழுத்தாள். உரு குலையாமலிருக்கக் கடையில் திணித்து வைப்பார்களே, அந்தக் காகிதம். நடுவிரலுக்குள்ளிருந்து இன்னொன்று. அடுத்த விரலிலிருந்து இன்னொன்று.

மூன்றும் அவள் உள்ளங்கையில் கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவசரத்துல கவனிக்கல," என்றார்.

பூட்ஸ் போட்டுப் பார்ப்பதற்காகப் போட்டிருந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்தாள். "கண்ணை மூடுங்க," என்றாள்.

"எதுக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

மூடினார். கையை அவள் மடியில் இழுத்து வைத்துக்கொண்டது தெரிந்தது. மணிக்கட்டு வரை எல்லாம் நன்றாகவே தெரியும். காதைத் தீட்டிக்கொண்டார். ஆனால் இவள் நர்ஸ் இல்லை. தைக்கிறவள், ஊசி கோக்கும்போது இவள் மூச்சு விடுகிறாளா என்பதே யாருக்கும் தெரியாது. கடையில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் பில் கேட்டார்.

"இப்பத் தெரியுதா?" என்றாள்.

"ம்."

"இப்ப?"

"ம்."

"இப்ப?"

"தெரியுது தெரியுது. போதும்."

"நான் இன்னும் தொடவே இல்லைங்க," என்றாள்.

கண்ணைத் திறந்தார். அவள் இரண்டு கையும் காற்றில், அவர் விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தன. விற்பனைப் பெண்மணி நாசூக்காகத் திரும்பி நின்று, மடித்து வைத்த கையுறைகளை மறுபடி மடித்தார்.

பூசி மெழுக ஏதாவது இருக்கிறதா என்று ஹீட்டர் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. தேடுவதற்கும் தெம்பு இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். ஊசி குத்தியது, குத்துவது நின்றது, நர்ஸ், நர்ஸின் மூச்சு, பஸ்ஸில் வந்து திரும்பிப் போகிற அந்த மனுஷன். சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"நான் உங்களை என்னவெல்லாம் திட்டியிருக்கேன்," என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே அழுதாள். "எத்தனை டம்ளருக்கு! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதனால என்ன. திட்டு நல்லாத்தான் கேட்டுச்சு. காது மரத்துப்போகல."

"ஜோக் அடிக்காதீங்க. எனக்குக் கோபம் வருது." உண்மையிலேயே கோபம்தான். ஆனால் அவர் கையை விடவில்லை.

ஹீட்டருக்கு அந்த பெஞ்சிலேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது. "பாப்பாகிட்ட வரலன்னு சொல்லிடலாம்," என்றார். "எனக்கு முடியலம்மா."

"சொல்லத்தான் வேணும். ஆனா பாப்பாகிட்ட இல்ல. உங்க இன்சார்ஜ்கிட்ட." அவள் அவர் பையிலிருந்து போனை எடுத்தாள். "முதல்ல டாக்டர். அவர் போகலாம்னு சொன்னா மலைக்குப் போறோம், ஓட்டல்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவங்க விழுறதை வேடிக்கை பார்க்கிறோம். ஆனா திங்கட்கிழமை நீங்க அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது."

"அப்புறம் சாப்பாட்டுக்கு?"

"அதை ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். இவ்வளவு நாள் தனியா யோசிச்சுக் கிழிச்சது போதும்."

போன் திரையில் அவர் விரல் வைத்தால் பாதி நேரம் ஏற்காது. அவளே பெயரைத் தேடி அழுத்தி அவர் காதில் வைத்தாள். ஷிப்ட் இன்சார்ஜ் ஹீட்டரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். ஒரு காலத்தில் இவரோடு பெட்டி தூக்கியவன், இப்போதும் ஆள் குறைந்தால் தானே உள்ளே இறங்குகிறவன், பெரிய வாய்க்காரன்.

"சொல்லுங்க ஹீட்டர் அண்ணே!" கிடங்கின் இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

"திங்கட்கிழமை நான் உள்ள வரலப்பா. விரல் மரத்துப்போச்சு. ரொம்ப நாளாச்சு. நான் யாருக்கும் சொல்லல."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. எங்கோ ஒரு கதவைச் சாத்திக்கொண்டு தனியாக நிற்கிறான் என்று தெரிந்தது.

"எந்தெந்த விரல்ண்ணே?" என்றான். அந்தப் பெரிய வாயிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று ஹீட்டர் நினைத்ததே இல்லை.

சொன்னார்.

"அப்புறம் டெஸ்ட்ல எப்படி..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "மூச்சு விடுறதைக் கேப்பீங்களா?"

அந்த மூச்சைக் காது கொடுத்துக் கேட்டவனுக்குத்தான் அது தெரியும். எவ்வளவு நாளாக என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. "வீட்ல தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லண்ணே."

"என்ன சொல்றார்?" என்று மனைவி பக்கத்திலிருந்து கேட்டாள். ஹீட்டர் இரண்டு கையாலும் போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு கெட்டியாக என்று அவருக்கே தெரியாததால் அவளும் கூடச் சேர்ந்து பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கே சொல்லிடுப்பா," என்றார். "திட்டுவாங்க. பரவால்ல, சொல்லிடு."